மொட்டைத் தென்னையில் மரங்கொத்தி: இதுவரை பார்த்தது

பிப்ரவரி கடைசி. ஆனைமலைப் பக்கம் பெரியப்பா தோப்பில், கூன்வண்டு தாக்கித் தலை ஒடிந்த தென்னை ஒன்று நிற்கிறது. அடியில் புதுச் சிராய் சிதறிக் கிடந்ததால்தான் அண்ணாந்து பார்த்தேன். பொன்முதுகு மரங்கொத்தி ஜோடி ஒன்று பொந்து குடைந்துகொண்டிருந்தது. "இத உட்டுவெச்சா காண்டாமிருக வண்டு பெருகும் கண்ணு, வெட்டிப்போடலாம்" என்றார் பெரியப்பா. நியாயம்தான், மட்கும் தென்னந்தண்டில் அந்த வண்டு முட்டையிடும். குஞ்சு பறக்கும்வரை தவணை வாங்கியிருக்கிறேன்.

மார்ச். ஆண், பெண் அடையாளம் பிடிபட்டுவிட்டது. ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டைவரை முழுச் சிவப்பு. பெண்ணுக்குக் கொண்டை மட்டும் சிவப்பு. முன்னந்தலை கறுப்பு, அதில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். இரண்டும் மாறி மாறித்தான் குடைகின்றன. உள்ளே போனது வாய் நிறையத் தூளோடு வாசலுக்கு வந்து, தலையை உதறி வீசிவிட்டு மறுபடி இறங்கும். பொந்து சற்று நேராகப் போய் அப்புறம் கீழே திரும்புவதால் பைனாகுலரில் இருட்டுதான் தெரியும். ஏணி போட்டு செல்போன் டார்ச் அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. அதெல்லாம் வேண்டாம், வாசலைப் பார்த்தாலே போதும்.

ஒரு கட்டத்தில் தூள் விழுவது நின்றது, சத்தமும் இல்லை. கைவிட்டுவிட்டன என்றே தோன்றும். ஆனால் பொறுமையாக உட்கார்ந்தால், ஒன்று ஓசைப்படாமல் வந்து தண்டில் ஒட்டும்; உள்ளிருப்பது தலை நீட்டிப் பறக்கும்; வந்தது நுழையும். அடைகாக்கிறது என்று அர்த்தம். வழக்கமாக மூன்று வெள்ளை முட்டைகள்; ஏறக்குறைய 11 நாளில் பொரியும், குஞ்சு வெளியேற அதன்பின் 20 நாள் போல ஆகும். நான் பார்த்த மாலைகளில் எல்லாம் கடைசியாக உள்ளே போனது ஆண்தான். நடுவில் மைனா ஜோடி ஒன்று வந்து பொந்தை எட்டிப் பார்த்து அலகடி வாங்கிப் போனது. ஆயத்தமான வீட்டுக்கு ஆசை!

ஏப்ரல். வரத்து கூடிவிட்டது, ஆனால் அலகில் எதுவும் இருக்காது. எறும்புகளை விழுங்கிவந்து கக்கித்தான் ஊட்டும். முதலில் முழு உடம்பும் உள்ளே போனது. இப்போது வால் தண்டில் ஊன்றியிருக்க, தலை மட்டும் நுழைகிறது. கூடவே உள்ளேயிருந்து கரகரவென்று இரைச்சல். குஞ்சுகள் வாசல்வரை ஏறத் தொடங்கிவிட்டன. இனி விடிந்ததுமே போய் உட்கார வேண்டும்.