பேக்கனுக்கு ஏற்ற பியர் எது?

பேக்கனையும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சிக் கீற்று) பியரையும் சேர்த்துச் சுவைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் பியரைத் தெரிவு செய்வதில்தான் நேரத்தைச் செலவிடுகிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது பேக்கனின் மேற்பூச்சு என்பது என் கருத்து. உப்பும் கொழுப்பும் எந்தப் பேக்கனிலும் இருக்கும், பெரும்பாலும் புகையும் இருக்கும். அதன்மேல் நாம் தடவும் இனிப்பு அல்லது உறைப்புக்கு ஏற்பவே ஒரு பியர் அதனுடன் இணங்கும் அல்லது முரண்டு பிடிக்கும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நண்பர்களுடன் சுவைத்துப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் பல வீடுகளின் அடுப்படிக்குள் பன்றி இறைச்சி வருவதில்லை. எங்கள் வீட்டில் அதற்கென்று தனித் தாச்சியும் முற்றத்து அடுப்பும் உண்டு. ஆட்களை அழைக்கும்போதே என்ன பரிமாறப்போகிறோம் என்பதையும் சொல்லிவிடுவேன். போயா தினங்களில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் விருந்துக்கான நாளையும் பார்த்தே வைக்க வேண்டும். சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பியர் இங்கே எளிதில் அகப்படுவதில்லை; கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவர்களின் பயணப்பைகளையே நம்பியிருக்கிறோம்.

என் முதல் தெரிவு, கித்துள் பாணி (கித்துள் மரத்தின் இனிப்புப் பாகு) தடவிய பேக்கனும் ஸ்டவுட் என்ற கருநிறப் பியரும். சூடேறாத தாச்சியில் கீற்றுகளை அடுக்கி மெல்லிய தணலில் வைத்தால், கொழுப்பு மெதுவாக உருகி வெளியேற, இறைச்சி அதிகம் சுருளாமல் மொறுமொறுப்பாகும். பாணியைக் கடைசி ஓரிரு நிமிடங்களில் மட்டுமே தடவ வேண்டும். முன்பே தடவினால் அதிலுள்ள சீனி கருகிக் கசந்துவிடும். பாணி நுரைத்து அடங்கியதும் கீற்றின் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். அதுதான் இறக்கும் பதம். இதற்கு நம் நாட்டு லயன் ஸ்டவுட்டையே வைக்கிறேன். பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் அதைக் கிராஃப்ட் பியர் என்று சொல்ல முடியாதுதான்; ஆனாலும் 8.8 சதவீத மதுசாரமும் வறுத்த மோல்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கோப்பி, சொக்லேட் வாசனையும் கொண்ட அந்தப் பியரை, மைக்கேல் ஜாக்சன் என்ற பிரித்தானிய பியர் எழுத்தாளர் (பாடகர் அல்லர்) உலகுக்கு எடுத்துச் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். வறுத்த கசப்பு பாணியின் இனிப்பைத் திகட்டவிடாது. பியரின் குமிழிகள் நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். ஸ்டவுட்டைப் பனிக்குளிராகப் பரிமாறினால் இந்த வாசனைகள் எழும்பாது. 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை போதும். நம்மூர் வெக்கையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துச் சிறிது நேரம் வைத்தாலே அந்தப் பதம் வந்துவிடும்.

இடித்த செத்தல் மிளகாய் தூவிய பேக்கனுக்குப் பலரும் ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த பியர் வகையை நாடுவார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் மிளகாயின் எரிவும் ஒன்றையொன்று தூண்டிவிட, மதுசாரம் அந்த எரிவைக் கூட்டும். பிறகு வாயில் வேறெதுவும் தெரியாது. உறைப்புக்கு உகந்தது ஜேர்மன் வகைக் கோதுமை பியர். அதில் கசப்புக் குறைவு. நொதியம் தரும் கிராம்பு வாசனைக்குக் காரணமான சேர்மம், புகை மணம் தரும் குவையகோல் என்ற சேர்மத்தின் நெருங்கிய உறவு என்பதால், அது புகையூட்டிய இறைச்சியுடன் இயல்பாகவே சேர்ந்துகொள்கிறது. ஐபிஏதான் வேண்டுமென்பவர்களுக்கு எதுவும் தடவாத பேக்கனைக் கொடுங்கள். உப்பு கசப்பைத் தணிக்கும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இலகுவான லாகர் பியர் எதனுடனும் சண்டைக்குப் போகாது, எதையும் உயர்த்துவதும் இல்லை.

இடையிடையே வெறும் பாணும் தண்ணீரும் போதும். சம்பல் கேட்பவர்களுக்குச் சுவைப்பு முடிந்தபின் கொடுக்கலாம்.

ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்த மைத்துனர் ஒருமுறை பாம்பெர்க் நகரத்து ரவுக்பியர் என்ற புகை பியரைக் கொண்டுவந்தார். பீச் (beech) மரப் புகையில் மோல்ட்டை உலர்த்திக் காய்ச்சும் அந்தப் பியரை முகர்ந்தாலே பேக்கன் வாசனைதான் வரும். இரண்டும் பொருத்தம் என்று அவர் அடித்துச் சொன்னார். எனக்கோ ஒரு புகை மற்றதை விழுங்கிவிடுவதாகவே பட்டது. மிளகு மட்டும் இட்டு வாட்டிய, புகையூட்டாத பன்றி இறைச்சியுடன் அதே பியரைக் குடித்தபோது இரண்டின் சுவையும் தனித்தனியாகத் தெரிந்தது, அவரும் அதை மறுக்கவில்லை.