இரண்டரை அங்குலப் பட்டைகள்

"வெட்டியே கொடுத்துடறாங்களா?"

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கீழ்வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி), ஒட்டுத்துணிப் போர்வை தைக்க நான் பிரித்து வைத்திருந்த ஜெல்லி ரோலை, அதாவது ஒரே அகலத்தில் வெட்டிச் சுருட்டி விற்கும் துணிப் பட்டைகளை, தடவிப் பார்த்தபடி இந்தியில் கேட்டார்.

ஆமாம் ஆஜி. எல்லாமே 2½ அங்குல அகலம். இரு ஓரமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் மேலே தெரிவது 2 அங்குலம். 8 பட்டை சேர்ந்தால், இரு வெளி ஓரங்களின் கால் கால் அங்குலத்தோடு 16½ அங்குலம் வரவேண்டும்.

அந்தக் கால் அங்குலம்தான் உயிர். ஒவ்வொரு தையலிலும் நூலளவு கூடினாலே கடைசியில் அகலம் இடிக்கும். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் துணி வில்லாக வளையும். ஒன்றை மேலிருந்து தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து தைக்க வேண்டும்.

ஆஜி தைப்பது கோதடி, மராத்தி வீடுகளின் போர்வை. பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, கையாலேயே ஓட்டுத் தையல். அளவுகோலே கிடையாது. ஆனாலும் ஒரு வரிசை கோணாது!

கடைப் பட்டையில் நிறங்கள் அழகாகப் பொருந்தும். கோதடியில், இது யார் உடுத்தியது என்று விரல் வைத்துச் சொல்லலாம்.

எனக்கு இரண்டும் வேண்டும். அம்மாவின் சுங்குடிப் புடவை கிழிந்துபோய்ப் பெட்டியில் இருக்கிறது. அதையும் 2½ அங்குலமாக வெட்டி இவற்றுக்கு நடுவே வைக்கப் போகிறேன்.

துணி நைந்திருக்கும், அடியில் மல் துணி கொடுத்துத் தை என்கிறார் ஆஜி.