ஆர்கன், ஒரு பேய்ப்படம், என் லினக்ஸ் கணினி

பழைய பேய்ப்படங்களில் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது 1962-இல் வந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. இயக்குநர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவின் கான்சாஸில் பள்ளிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். முழுநீளப் படம் என்று அவர் எடுத்தது இது ஒன்றுதான். யூட்டாவில் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபம் காரில் போகும்போது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த இடத்தை வைத்தே கதை எழுதச் சொல்லிவிட்டார். படத்தில் வெளிறிய முகத்தோடு நாயகியைத் தொடர்ந்து வரும் பேயும் அவரேதான்.

நாயகி மேரி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். கட்டையை அழுத்தினால் குழல்களுக்குள் காற்று போய் ஒலிக்கும் பெரிய வாத்தியம் அது. பின்னணி இசையும் ஜீன் மூரின் ஆர்கன்தான். நான் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன் என்பதால், அவள் தனியாகப் பயிற்சி செய்யும் காட்சியில் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறாள். போகப்போக விரல்கள் அவள் சொல்பேச்சு கேட்பதில்லை. கோயிலுக்கு ஆகாத ஏதோ ஒன்று குழல்களிலிருந்து வருகிறது. போதகர் வந்து கையைப் பிடித்து நிறுத்துகிறார், வேலையும் போகிறது.

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒலி எழும்பி மெல்லத் தேயும். ஆர்கனில் தேயாது. விரலை எடுக்கும்வரை குழலுக்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும், ஒலியும் அதே அளவில் நிற்கும். பாடகருக்கு மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும், இதற்கு வேண்டாம். அந்தப் படத்தின் பயத்தில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அதைக் கையால் தொட்டுப் பார்க்க எனக்கு வழி கொடுத்தது கட்டற்ற மென்பொருள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் காட்சியின் ஒலியைப் போட்டு, எந்தச் சுருதி எப்போது ஒலிக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றினால், நீண்டு பிடித்த சுரங்கள் கோடு கோடாகத் தெரியும். அப்புறம் ஏயோலஸ். ஃபோன்ஸ் அட்ரியன்சென் எழுதிய ஆர்கன் மென்பொருள். பதிவு செய்த ஒலி எதுவும் அதில் கிடையாது. அடிப்படைச் சுருதியோடு மேற்சுரங்களைக் கூட்டி, குழலின் ஒலியைக் கணக்குப் போட்டே உண்டாக்குகிறது. ஆர்கனில் ஒரே வகை ஒலி தரும் குழல் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். ஏயோலஸின் ஸ்டாப் எடிட்டரைத் திறந்து இரட்டைப்படை மேற்சுரங்களை (அடிப்படையின் 2, 4, 6 மடங்கில் வருபவை) குறைத்துப் பாருங்கள், நல்ல கனமான ஒலி உள்ளே ஒன்றுமில்லாமல் கூடாகிவிடும். மேரி வாசிப்பதுபோல எனக்கு முதலில் கேட்டது அப்படித்தான்.

இந்தப் படமும் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அன்றைய சட்டப்படி பிரதியில் இருக்க வேண்டிய பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால் வந்த சுதந்திரம் அது. ஏயோலஸ் அப்படியில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் கொண்டுவந்த ஜிபிஎல் என்ற உரிமத்தின் வழியில், எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்கலாம் என்று தெரிந்தே கொடுத்தது. எனக்கு இந்த இரண்டாவதன் மேல்தான் மரியாதை அதிகம். தான் உழைத்துச் செய்ததை முகம் தெரியாத எனக்காகத் திறந்து வைத்திருக்கிறார் ஒருவர்.

இப்போது சால்ட்ஏர் மண்டபத்தில் பேய்கள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடும் காட்சிக்கு நானே வாசித்துக்கொண்டிருக்கிறேன். காலால் வாசிக்கும் பெடலில் ஆழமாக ஒலிக்கும் 16 அடி ஸ்டாப் மட்டும், மேலே ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமுலன்ட் போட்ட 8 அடி புல்லாங்குழல் ஸ்டாப். அடிக்கணக்கு குழலின் நீளத்தை வைத்து வருவது, நீளம் கூடினால் ஒலி தாழும். ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு முடிந்ததும் கோப்புகளை அப்படியே இங்கே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்து மாற்றி வாசியுங்கள்.