51 வயதில் கணக்கு வேலை தேடிய ஏழு மாதங்கள்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தேன். உரிமையாளர் தொழிலை நிறுத்தியபோது எனக்கு 51 வயது. டேலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று நம்பியிருந்தேன். அடுத்த வேலை அமைய ஏழு மாதங்கள் ஆயின.

விளம்பரங்கள் பலவற்றில் ‘35 வயதுக்குள்’ என்று வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். நம் அரசியலமைப்பின் 15, 16ஆம் பிரிவுகள் எந்தெந்தக் காரணத்தால் பாகுபாடு கூடாது என்று சொல்லும் பட்டியலில் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் எல்லாம் உண்டு, வயது இல்லை. தனியாரிடம் இதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லாததால் நான் முறையிடப் போக இடமில்லை.

அவிநாசி சாலையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனபோது வரவேற்பில் இருந்த பெண், “யார்கூட வந்திருக்கீங்கம்மா?” என்று கேட்டார். உள்ளே இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “எங்க டீம்ல எல்லாரும் சின்னப் பசங்க மேடம், உங்களுக்கு செட் ஆகுமா?” என்றார். மேசைமேல் நான் வைத்த கோப்பின் நாடாவை அவர் அவிழ்க்கவே இல்லை. கட்டியபடியே அதை எடுத்துக்கொண்டு வந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பி.எஃப். பென்ஷனை 50 வயதுக்குமேல் முன்கூட்டியே வாங்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். 58 வயதுக்கு எத்தனை ஆண்டு முந்துகிறோமோ, ஆண்டுக்கு 4 சதவீதம் வீதம் தொகை குறையும் என்பதால் அதைத் தொடவில்லை.

பயோடேட்டாவில் பிறந்த ஆண்டை நீக்கச் சொன்னவர்களும் உண்டு. ஆதார் கேட்கும் நாளில் தெரியத்தான் போகிறது என்று அதை அப்படியே விட்டேன். மாறாக, படிப்பைக் கீழே தள்ளி, 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ், 11க்குள் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20க்குள் ஜிஎஸ்டியைக் கட்டும் 3பி படிவம் என்று ஒரு மாதம் முழுவதும் நான் தனியாக முடித்துத்தரும் வேலைகளை முதல் பக்கத்தில் எழுதினேன்.

அதை எடுத்துக்கொண்டு, பழைய நிறுவனத்துக்குத் தணிக்கை செய்த ஆடிட்டரிடம் போய், 14 முதல் 20ஆம் தேதி வரையிலான நெருக்கடி நாள்களில் மட்டும் வேலை கேட்டேன்; கொடுத்தார். இரண்டாம் மாதம், அவருடைய வாடிக்கையாளரான ஒரு வார்ப்படச் சாலையின் கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டபோது, ஒரே சப்ளையரின் மூன்று பில்கள் 2பி-யில் இல்லை. அவை அங்கே வராமல், கொள்முதலில் கொடுத்த வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ள முடியாது. அந்த சப்ளையரின் கணக்கரை எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் நேரடியாக அழைத்துப் பேசினேன்; தாங்கள் விட்டுவிட்டதை ஒப்புக்கொண்டு, அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் சேர்த்தார்கள். வரி மட்டும் 1,84,000 ரூபாய்.

வார்ப்படச் சாலை உரிமையாளர் அடுத்த வாரமே கூப்பிட்டனுப்பினார். வயதைப் பற்றிக் கேட்கவில்லை. சம்பளம் பழையதைவிட 4,000 ரூபாய் குறைவு. அப்போது பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. ஆனாலும், ஓராண்டு முடிந்ததும் சம்பளத்தை மறுபடி பேசுவது என்ற வரியை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திட்டேன்.