காலையில் கேட்காத சத்தம்

இன்ஜினியரிங் காலேஜ் ஹைட்ராலிக்ஸ் லேபில் சென்ட்ரிஃபியூகல் பம்ப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒருத்தன் ஸ்டாப்வாட்ச் பிடிப்பான், இன்னொருத்தன் பிரஷர் கேஜைப் படிப்பான். தொட்டியில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏற எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டால் முடிந்தது. மீதிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிக்கும் வேலை. நான் எப்போதும் அந்த மீதிப் பேரில் ஒருவன். நாலு வருடத்தில் ஒரு பம்பைக்கூட யாரும் கழற்றிக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படிப்பை முடித்து ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் சேர்ந்தேன். அப்போது அது வேலூர் மாவட்டம். 2019-இல்தான் தனி மாவட்டம் ஆனது. முதல் வாரமே பிட்டர் அண்ணன், சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் ஒன்றை நீட்டி, "இன்னா தம்பி, 6308. ஷாஃப்ட்டு எத்தினி எம்எம்?" என்றார். டிசைன் பரீட்சையில் பேரிங்கின் ஆயுளைக் கணக்குப் போட்டு முழு மார்க் வாங்கியவன், திருதிருவென்று விழித்தேன். "கடைசி ரெண்டு நம்பர அஞ்சால பெருக்கு. நாப்பது." அவ்வளவுதான்.

அந்த வருடம் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப் படுத்தியது. உள்ளே ஜல்லியைப் போட்டு அரைப்பது போல ஒரு சத்தம். பேரிங்தான் என்று இரண்டு தடவை மாற்றினோம். அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். "பேரிங் நல்லாத்தான் கீது. காலையில சத்தமே வர்றதில்ல தம்பி. பதினொரு மணிக்கு மேலதான் வருது" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், கரையான் அரித்த பலகை மாதிரி குழிகுழியாக இருந்தது. படம் போட்டு 16 மார்க்குக்கு எழுதிய கேவிட்டேஷன் கண்ணெதிரே கிடக்கிறது, எனக்கு அது உறைக்கவே அரை நாள் ஆனது. விறகுச் செலவு குறையட்டும் என்று ஆவியிலிருந்து திரும்பி வரும் சுடுநீரை அப்போதுதான் ஃபீட் டேங்கில் விட ஆரம்பித்திருந்தார்கள். பொழுது ஏற ஏற டேங்கில் சூடும் ஏறியது. காற்றழுத்தம் பம்புக்குத் தருவது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம். 60 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் அதில் 2 மீட்டரைத் தின்னும்; 90 டிகிரியில் 7 மீட்டருக்கு மேல் போய்விடும். மிச்சம் பம்புக்குப் போதாது. தண்ணீர் உள்ளேயே கொதித்துக் குமிழாகி, அந்தக் குமிழ்கள் உடைந்து உடைந்து இரும்பைக் கொத்தியிருக்கின்றன. அதுதான் கேவிட்டேஷன். குறைந்த அழுத்தத்தை உயரத்தால் ஈடுகட்ட, டேங்கை உயரமான ஸ்டாண்டில் ஏற்றினோம். சத்தம் நின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். என் ஏட்டில் சுரைக்காய் இருந்தது. கொடியில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை, அதுதான் குறை. அண்ணன் கொடியை முப்பது வருடமாகப் பார்க்கிறவர். 'பதினொரு மணி' என்று அவர் சொல்லியிராவிட்டால் நான் மூன்றாவது பேரிங்குக்கு இண்டென்ட் போட்டிருப்பேன். கணக்கு இல்லாமல் போயிருந்தால் அவரும் இம்பெல்லரை மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

இப்போது இன்பிளான்ட் டிரெயினிங் என்று வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேருக்கு சர்டிஃபிகேட்டில் சீல் விழுந்தால் போதும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். தொட்டால் திட்டுவார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் முதல் நாளே ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்துவிடுவேன். போன மாதம் வந்த ஒரு பெண், ஃபீட் பம்பில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "சார், இதுல வர்ற தண்ணி எவ்ளோ சூடு?" என்றாள்.

குழாயில் இருந்த தெர்மாமீட்டர் எப்போதோ செத்துப்போயிருந்தது. அன்று சாயங்காலமே புதிது கேட்டு ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தேன்.