கோட்டுக்குள் நால்வர், வெளியே ஒருவர்

2000-இல் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணிக்குத் தன் பிரிவின் தரவரிசையில் 8-ஆவது இடம்தான். ஆனாலும் முதலிடத்து அரிசோனாவை 66-59 என்று வீழ்த்தி, 'ஃபைனல் ஃபோர்' எனும் அரையிறுதி வரை போனார்கள். பயிற்சியாளர் டிக் பென்னட் கற்றுக்கொடுத்த 'பேக் லைன்' தடுப்பாட்டம் அப்படி!

கூடையிலிருந்து சுமார் 16 அடியில் கற்பனையாக ஒரு கோடு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் வெளியே போய் நெருக்க வேண்டும். மற்ற நால்வரும் கோட்டுக்குள்ளேயே நிற்பதால், எதிரணி உள்ளே புகுந்து ஆட இடைவெளி கிடைப்பதில்லை. வேகம் குறைந்த அணிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

பிசகுவது 'க்ளோஸ் அவுட்'டில், அதாவது வெளியே பந்து வாங்குபவரை ஓடிப்போய் நெருக்குவதில். பாஸ் காற்றில் இருக்கும்போதே ஓட ஆரம்பிக்கணும். கடைசி எட்டுகள் சின்னச் சின்னதாக, இடுப்பு தாழ்ந்து, கை உயர்ந்து. பந்து கைக்குப் போனபின் கிளம்பினால், அவர் தூரத்திலிருந்தே எறிந்து மூன்று புள்ளி எடுத்துவிடுவார். 2018-இல் மகன் டோனி பென்னட்டின் வர்ஜீனியா, 16-ஆவது இடத்து யு.எம்.பி.சி.யிடம் 54-74 என்று தோற்றபோது, எதிரணி 24 மூன்று புள்ளி முயற்சிகளில் 12-ஐக் கூடையில் போட்டது.

டோனி தடுப்பாட்டத்தைக் கைவிடவில்லை. தாக்குதலில் 'பால் ஸ்கிரீனை', அதாவது பந்து வைத்திருப்பவரைக் காப்பவரைச் சக வீரர் குறுக்கே நின்று மறிப்பதை, அதிகம் சேர்த்தார். 2019-இல் டெக்சாஸ் டெக்கை ஓவர்டைமில் 85-77 என்று வென்று வர்ஜீனியா சாம்பியன்.