ஈய முத்திரையும் இரட்டைத் தலைக் கழுகும்

பழைய பொருள் எதுவாயினும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று உறுதியாக நம்பும் நண்பர் ஒருவர், பஞ்சில் பொதிந்த ஈயத் துண்டொன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துவந்து, இது எந்தப் பேரரசரின் நாணயம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். நாணயம்தானா என்ற கேள்விக்கு அவர் இடமே வைக்கவில்லை. உடன் வந்திருந்த மகள், "மின்மீட்டரில் கம்பி கோத்துத் தொங்குமே, அந்த சீல் மாதிரி இருக்கிறது அப்பா" என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று அவளை அடக்கிவிட்டார்.

அவள் சொன்னதுதான் சரி. விளிம்பில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றினுள் மக்கிய சணல் இழைகூட எஞ்சியிருந்தது. சரக்குப் பொதியைக் கட்டிய கயிற்றின் இரு முனைகளையும் அத்துளைகளில் நுழைத்து, முத்திரை வெட்டிய இடுக்கியால் சுங்க அலுவலர் நசுக்கிவிட்டால், கயிற்றை அறுக்காமலோ ஈயத்தைச் சிதைக்காமலோ பொதியைப் பிரிக்க முடியாது.

பளபளப்பாக்கிப் படிக்கலாமே என்று அதை வினிகரில் ஊறவைக்கப் புறப்பட்டவரைத் தடுப்பதுதான் பெரும்பாடாயிற்று. வினிகரின் ஆவி பட்டாலே ஈயம் அரித்து வெள்ளைப் பொடியாகும். ஒரு காலத்தில் வெள்ளை ஈயச் சாயத்தை அப்படித்தான் தயாரித்தார்கள். (ஓக் மரப்பெட்டியில் பூட்டிவைத்தாலும் ஏறக்குறைய இதே கதிதான்.) அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கிடையாகப் பிடித்தபோது, ஒருபுறம் இரட்டைத் தலைக் கழுகும் மறுபுறம் தேய்ந்த எழுத்துகளும் நிழலோடு துலங்கின. கழுகை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது; ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதையே சின்னமாக வைத்திருந்தன. எழுத்துகள் ரஷ்ய எழுத்துகளாக இல்லாமல் இலத்தீன் எழுத்துகளாக இருந்ததால் நான் ஆஸ்திரியாவின் பக்கம் சாய்ந்தேன். ஊர்ப்பெயரின் கடைசியில் 'பர்க்' என்பது மட்டுமே தெரிந்தது.

"சால்ஸ்பர்க்! இசைமேதை மொசார்ட்டின் ஊர்! அவருடைய பெட்டியில் இருந்த சீல்!" என்று நண்பர் துள்ளினார். 'பர்க்' என்று முடியும் ஊர்கள் எத்தனையோ உண்டு என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சால்ஸ்பர்க்காகவே இருந்தாலும், அது நிலையாக ஆஸ்திரியாவுடன் சேர்ந்தது 1816-இல், மொசார்ட் இறந்தது 1791-இல் என்று விளக்கிய பிறகே, ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வாடிய முகத்துடன் கிளம்பினார்.

இரவு 11 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "மொசார்ட்டின் மனைவி 1842-இல் சால்ஸ்பர்க்கில்தானே இறந்திருக்கிறார்? அந்த அம்மாளுடைய பெட்டியாக இருக்கக் கூடாதா?"